பெரம்பலூரில் ஒரு லிமெரிக் ஜங்ஷன்

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஒட்டிய காகிதத்தை என் வீட்டுக்காரர் கதவிலிருந்து கிழிக்கவில்லை. அப்படி ஒன்று அங்கே இல்லாதது போலக் கதவைத் திறப்பார், சாத்துவார். எழுபத்து நாலாம் வருஷத்து ரயில் வேலைநிறுத்தத்தில் அரியலூர் ஸ்டேஷனில் வேலை போனவர்களில் அவரும் ஒருவர். பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். வருகிற வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பாதையைத் திருப்பிவிடுகிற வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய வேகன்களைக் கழற்றி, மாட்டி, சைடிங் என்கிற பக்கத் தண்டவாளத்தில் தள்ளி நிறுத்துவதும் அவர்தான்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரும் அதே வேலை பார்த்தவர். வேலைநிறுத்தத்தின் பாதியில் அவர் டூட்டிக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிய அன்று அவர் வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. உள்ளே ஆள் இருப்பது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். என் தையல் மெஷினை வண்டியில் தூக்கி வைக்க ஒரு கை குறைந்தது. நானே பிடித்தேன்.

பெரம்பலூருக்குப் போனோம். அங்கே கன்னியாஸ்திரீகள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அதை ஒட்டி ஏழைப் பெண்களுக்கு ஒரு தையல் வகுப்பு. அதில் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது, எனக்கு வேலை கிடைத்தது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது அவர், "ரயிலு இல்லாத ஊருன்னா நல்லதுதான்" என்றார்.

நல்லதாக இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்தவரைக்கும் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்போம், விளக்கு ஏற்றுவோம். இங்கே அவருக்குச் சாப்பிடுகிற வேளையே பிடிபடவில்லை. தட்டை வைத்தால், "அதுக்குள்ளயா?" என்பார். சில நாள் மெயின் ரோட்டுக்குப் போய் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார்.

அவருடைய ஊர் தா.பழூர் பக்கம். அவர் அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். அந்த வம்சத்தில் முதல் காக்கிச் சட்டை இவர்தான். லீவில் ஊருக்குப் போகும்போதுகூடக் காக்கியைத்தான் போட்டுக்கொள்வார். அந்தத் துணியைப் பார்த்த பிறகு தெருவில் யாரும் அவரை "டேய்" என்று கூப்பிட்டதில்லை. வேலை போன செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மாமனாரைப் பார்க்கப் போயிருந்தோம். நிலத்துக்காரர் வீட்டுக் காரியஸ்தர் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என்னடா, ரயிலு உன்ன எறக்கி வுட்டுருச்சாமே? சும்மாத்தான கெடக்குற. நாளைக்கு நடவு இருக்கு, வந்துரு."

பஸ்ஸில் திரும்பும்போது இவர், "இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்" என்றார்.

"மாமாவப் பாக்கக்கூடவா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொல்லிச் சொல்லி ஒரு நாள் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். "முடியலியா?" என்றேன். "மூட்ட என்ன, தூக்கிரலாம். கணக்கு எழுதுறவன் கை தட்டிக் கூப்புடுறான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நானும் சொல்லவில்லை. காலையில் நான் வகுப்புக்குக் கிளம்பும்போது எந்தச் சுவரில் சாய்ந்திருந்தாரோ, சாயங்காலம் வரும்போதும் அதே சுவரில் சாய்ந்திருப்பார்.

தையல் வகுப்பை மேற்பார்த்தவர் ஒரு வயதான சிஸ்டர். அயர்லாந்துக்காரர். வெயிலில் வெந்து வெந்து முழங்கைக்குக் கீழே செங்கல் நிறமாகியிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் யாரோ அவருக்கு மரியாதைத் தமிழ் மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வராந்தாவில் ஏறுகிற ஆட்டைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார்.

ஒரு நாள் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது, "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டார்.

"ரயில்வேல இருந்தாங்க சிஸ்டர். இப்ப இல்ல."

அவர் அதற்கு மேல் துருவவில்லை. "என் அண்ணன் கூட ரயில்வே. சிக்னல் கேபின். லீவர் இழுத்து இழுத்து ஒரு தோள் மட்டும் பெரிசு" என்று தன் தோளைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் ஒரு கட்டுப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அண்ணன் வருஷம் தவறாமல் அனுப்பியவை. ரயில் படங்கள் போட்ட பத்திரிகைகளும் சில போட்டோக்களும் இருந்தன.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் மேலே கிடந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "இத எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்றார். குரல் கடுமையாக இருந்தது. நான் பயந்துபோய் மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டேன். காகிதம் நல்ல கெட்டியாக இருந்ததால், ஜாக்கெட்டுக்கு அளவு வெட்ட ஆகும் என்று வைத்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதில் ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தபோது, சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அத வெட்டாத."

நான் இல்லாத நேரத்தில் அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகக் கட்டுக்குள் சிஸ்டரின் அண்ணன் கையால் போட்ட ஒரு வரைபடம் இருந்தது. அவர் வேலை பார்த்த ஸ்டேஷனின் தண்டவாளங்கள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்று காட்டுகிற படம். கோடுகளைப் படிக்க இவருக்குப் பாஷை தேவைப்படவில்லை. அதைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா புள்ள, இங்க பாரு. வண்டி இப்படி வருது. பிளாட்பாரம் இங்க இருக்கு. நேரா உள்ள போவ வழியே இல்லியே. அந்த ஊருக்காரன் எப்படிப் போனான்னு அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு வா."

மாசக்கணக்கில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. போய்க் கேட்டேன். சிஸ்டர் சிரித்துவிட்டார். வெட்டு மேஜையில் ஒரு நாடாவை நீட்டி, அதன் மேல் சோப்புக்கட்டியை நகர்த்திக் காட்டினார். வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போகும். போய் நிற்கும். பிறகு பின்பக்கமாகவே மெதுவாக வந்து பிளாட்பாரத்துக்குள் நுழையும்.

"ஒவ்வொரு வண்டியுமா சிஸ்டர்?"

"மெயின் லைன் வண்டி எல்லாம். புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க, ஸ்டேஷனை விட்டுட்டாங்கன்னு. பேரு லிமெரிக் ஜங்ஷன். ஆனா லிமெரிக் அங்க இல்ல. அது ரொம்ப தூரம்."

வீட்டில் வந்து இதைச் சொன்னதும் இவர் சுவரை விட்டு எழுந்து உட்கார்ந்தார். "அப்ப ஒவ்வொரு வண்டிக்கும் ஷண்டிங் பண்ணணும். வண்டிய உள்ள கூட்டியார ஆளு இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது" என்று சொல்லி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார்.

அப்படித்தான் அது தொடங்கியது. பெட்டிக்கடையிலிருந்து சாமான் வந்த பலகைப்பெட்டிகளை உடைத்து முன் அறை முழுக்க, இடுப்பு உயரத்தில் ஒரு மேடை கட்டினார். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட சக்கரத்துப் போக்ஸ் கம்பிகள் தண்டவாளம் ஆயின. அதற்கு அடியில் போட மூங்கிலைச் சீவிக் கட்டைகள். பிஸ்கட் டின்னை வெட்டி இன்ஜினும் பெட்டிகளும். பெரிய கோட்டுப் பொத்தானின் மேல் சின்னச் சட்டைப் பொத்தானை ஒட்டினால் விளிம்பு வைத்த சக்கரம். ஒரு பெட்டியோடு இன்னொன்றைக் கோர்க்க ஜாக்கெட் கொக்கி. வண்டியை இழுக்க மெழுகு தேய்த்த நூல். முன்னால் இழுக்க ஒரு கைப்பிடி, பின்னால் இழுக்க வேறொன்று. வண்டி தாண்டிப் போய் நின்றதும், முன் நூலைக் கழற்றிவிட்டுப் பிளாட்பாரத்து நூலைக் கொக்கியில் மாட்ட வேண்டும். அரியலூரில் வேகன்களுக்கு நடுவே குனிந்து செய்ததை இங்கே இரண்டு விரலால் செய்தார்.

ஒரு நாள் அவசரமாக ஜாக்கெட் ஒன்று முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. டப்பாவைத் திறந்தால் கொக்கி ஒன்றுகூட இல்லை.

"ஏங்க, என் பொழப்பையே எடுத்து மாட்டிட்டீங்களா?" என்று கத்தினேன்.

"கூட்ஸ் வண்டிக்கு மாட்டியிருக்கேன். வண்டி வந்து சேரட்டும், கழட்டித் தரேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் கழற்றினார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, அந்தப் பதிலைச் சொன்னபோது இருந்த அவருடைய முகத்தைப் பார்க்கப் பயம் வந்தது.

ஆனாலும் நானே அவருக்கும் சிஸ்டருக்கும் நடுவில் தூது போனேன். போட்டோக்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. பெட்டிக்கு என்ன நிறம் என்று கேட்டுவரச் சொன்னார். சிஸ்டர், "அப்போ பச்சை. ஆனா இங்க இருக்கற பச்சை இல்ல" என்று சொல்லிவிட்டு, எங்கள் வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிளிப்பச்சையை ஒதுக்கினார், ராமர் பச்சையை ஒதுக்கினார். கடைசியில் யாரோ ஒரு பாட்டியம்மா கட்டிக் கட்டி வெளுத்த புடவையிலிருந்து வந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "இது" என்றார். அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவுக்கு அடிக்கிற பெயிண்டைக் கலந்து கலந்து அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பதில் தெரியாத கேள்விகளைச் சிஸ்டர் தன் அண்ணனுக்கு எழுதிக் கேட்பார். அப்படி ஒரு தடவை அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. புதுத் தண்டவாளம் போட்டுச் சில வருஷம் ஆகிவிட்டது, இப்போது வண்டிகள் நேராகவே பிளாட்பாரத்துக்குள் போகின்றன, பின்னால் வரத் தேவையில்லை என்று. நான் அதைத் தயக்கத்தோடு வந்து சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எனக்கு அந்த ஆர்டர் வரலியே" என்றார்.

நம்ம அரியலூரையே செய்யலாமே, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "அங்க என்ன வேணாம்னுட்டாங்க. இது யாரு எவருன்னே தெரியாத ஊரு. இங்க எனக்கு மெமோ குடுக்க ஆளு கெடையாது" என்றார். அதன் பிறகு என் பிளாஸ்டிக் வளையல் ஒன்றில் தோல் துண்டைத் தைத்து டோக்கன் வளையம் செய்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் அந்த வளையம் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்பது சட்டம். இவரே கொடுப்பார், இவரே வாங்குவார். பழைய காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, காலை வண்டி, மத்தியான வண்டி, சாயங்கால வண்டி என்று ஓட்டினார். நடுவில் யார் கூப்பிட்டாலும் காது கொடுக்கமாட்டார். வகுப்பில் உட்கார்ந்து தைக்கும்போது, இவருடைய மனசு இனிமேல் திரும்பி வருமா என்று யோசித்து என் தையல் பல தடவை கோணலாகப் போயிருக்கிறது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், அரியலூரில் எங்கள் பக்கத்தில் குடியிருந்த அந்தப் பாயிண்ட்ஸ்மேன் எங்களைத் தேடி வந்தார். குடையை மடக்கி வாசலிலேயே நின்றார். நான்தான், "உள்ள வாங்கண்ணே" என்றேன்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தா எடுத்துக்குறாங்க, தங்கச்சி. ரெண்டு பேரு திரும்பிட்டாங்க. அதான் நேர்லயே சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இவரைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இவர் மேடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "என்ன தப்புப் பண்ணேன்னு எழுதணும்?" என்று கேட்டார்.

"அது ஒரு வழக்கந்தான்யா. என்ன எழுதுனா என்ன."

"நீ என்ன எழுதிக் குடுத்த?"

வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எம் புள்ளைக்கு மூள ஜொரம்யா அப்ப. ரயில்வே ஆஸ்பத்திரிய வுட்டா எனக்கு வேற போக்கு இல்ல. உனக்கு அது தெரியாதா?"

எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். அந்தக் குழந்தையை நான் மடியில் வைத்து நெற்றிக்குத் துணி போட்டிருக்கிறேன். ஆனால் இவர் குனிந்து பாயிண்ட்டைத் திருப்பி, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போனது. நின்றது. நூலை மாற்றினார். பின்னால் வந்தது. வந்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வைத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அன்றைக்கு நான் இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஒரு கையெழுத்துதானேங்க. போட்டுருங்க. குவார்ட்டர்ஸுக்குப் போயிடலாம்."

"போடுறதுக்கு நான் காரியஸ்தன் கூப்புட்ட நடவுக்கே போயிருக்கலாம்" என்றார். இப்போதும், அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு நாள் நினைப்பேன், இன்னொரு நாள் போடாததே சரி என்று நினைப்பேன்.

அந்தத் தை மாசம் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு. அவர் சந்தோஷப்பட்டார், பொய் சொல்லக் கூடாது. வகுப்பிலிருந்து வரும்போது தண்ணீர் எடுத்து வைத்திருப்பார். மேடையின் ஓரத்துப் பலகையை என் வயிற்றில் இடிக்காதபடி அறுத்துச் சின்னதாக்கினார். ஆனால் வண்டி ஓட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாம் மாசம். காலை நேரம், அடுப்படியில் இருந்தேன். இடுப்பில் ஒரு வலி வந்து காலுக்கு இறங்கியது. கீழே பார்த்தால் புடவை நனைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க" என்று கூப்பிட்டேன். முன் அறையில் கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. மறுபடியும், "ஏங்க, இங்க வாங்களேன்" என்றேன்.

"செத்த இரு. வண்டி உள்ள வந்துக்கிட்டிருக்கு."

அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை. பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனேன். அவர்தான் ஒரு வண்டியை நிறுத்தி, என்னை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் இவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். காக்கிச் சட்டையோடு. வராந்தாவில் தையல் வகுப்பின் வயதான சிஸ்டர் அவரைத் தடுத்து நிறுத்தி, "உக்காருங்க, உக்காருங்க" என்று சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

குழந்தை தங்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவர் உண்மையைத்தான் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இந்த வயதிலும் அடிக்கடி யோசிக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது மேடை மேல் என் பழைய புடவை போர்த்தியிருந்தது. அடுத்த வாரமே அவர் அரிசி மில்லுக்குப் போக ஆரம்பித்தார். கை தட்டிக் கூப்பிட்டாலும் போனார். சாயங்காலம் தலையிலும் புருவத்திலும் தவிட்டோடு வந்து, கிணற்றடியில் நெடுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். நான் சோறு போடுவேன். இரண்டு பேரும் சாப்பிடுவோம். யாராவது பார்த்தால் ஒழுங்கான குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்படியே பல மாசம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிஸ்டர் குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். நான் போய்ப் புடவையை எடுத்தேன். இவருக்காக எடுத்தேனா, சிஸ்டருக்காக எடுத்தேனா என்று தெரியாது.

தண்டவாளத்தில் லேசாகத் துரு ஏறியிருந்தது. இவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். வண்டியை எடுத்தார். சிஸ்டர் மேடைக்குச் சமமாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பச்சைப் பெட்டிகள் அவருக்கு முன்னால் போய் நின்று, பின்னால் வந்து, பிளாட்பாரத்தில் சேர்ந்தன. ஜன்னல் வழியாக வெயில் நேராக டின் கூரை மேல் விழுந்தது.

"எங்க ஊர இவ்வளவு வெயில்ல நான் பாத்ததே இல்ல" என்றார் சிஸ்டர்.

இவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. பிறகு சிஸ்டர் பிளாட்பாரத்தைக் காட்டி, "ஆளுங்க யாரும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஆளு செய்ய எனக்கு வரலீங்க" என்றார் இவர். சிஸ்டர் இவர் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். இவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன், பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன். என்னிடம் அழாதவர் அங்கே அழுகிறாரே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. வேலை போனவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு வந்தது, பிறகு உத்தரவே வந்தது. மன்னிப்புக் கடிதம் எதுவும் இவரிடம் கேட்கவில்லை. திருச்சிக்கு மெடிக்கலுக்குப் போனார். கண் பரிசோதனையில் தேறவில்லை. தூரத்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது, பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு ஆகாது என்று எழுதி, அரியலூரிலேயே பார்சல் ஆபீஸில் போர்ட்டராகப் போட்டார்கள். அந்த மேடையில் குனிந்து குனிந்து கெட்டதா, வயதால் கெட்டதா, யார் சொல்வது?

போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். பிளாட்பாரக் கடைசியில் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் கொடியோடு நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"வாய்யா. கூட்ஸ் ஒண்ணு வருது. இந்த ஒரு வண்டிக்கு நீ வந்து நில்லு."

"கண்ணு தேறலய்யா எனக்கு. உன் டூட்டி, நீயே பாரு" என்றார் இவர். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி, "புள்ள எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "இஸ்கூலு போறான்" என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. பழைய மாதிரி ஆகிவிடவில்லை. வேலைநிறுத்தத்தில் கடைசிவரை நின்றவர்களும் நடுவில் டூட்டிக்குப் போனவர்களும் பல வருஷம் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள். இவர்கள் இருவர் மட்டும் எப்போதாவது ஒரே பெஞ்சில் டீ குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லிமெரிக் ஜங்ஷனை அரியலூருக்குக் கொண்டுபோகவில்லை. குவார்ட்டர்ஸ் அறைக்குள் அது நுழையாது. மேடையைப் பிரித்துப் பலகைகளைத் தையல் வகுப்புக்கு அலமாரி செய்யக் கொடுத்தோம். இன்ஜினையும் பெட்டிகளையும் சிஸ்டரே வாங்கிக்கொண்டார். கொஞ்ச காலத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், பிறகு தன் நாட்டுக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவற்றை எடுத்துக்கொண்டு போனாரா என்று தெரியாது.

எண்பதில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு நாலைந்து வயதிருக்கும். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் வேலைகள் பெருகி, சரக்கு வண்டிகள் அதிகமாகிவிட்ட சமயம். ஒரு சாயங்காலம் இவர் டூட்டி முடிந்து வந்து கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷமும் கேட்காததை அன்றைக்கு ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. முன்கூட்டி நினைத்துக் கேட்டதில்லை.

"அன்னிக்கு நான் ரெண்டு தடவ கூப்புட்டேன். மொதல்ல கூப்புட்டது உங்க காதுல வுழுந்துச்சா?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. தட்டில் விரலை வைத்தபடியே இருந்தார்.

"வுழுந்துச்சு" என்றார். "உன் குரலு சரியில்லங்கறதும் தெரிஞ்சுது. ஆனா கை நிக்கல புள்ள."

விழவில்லை என்று அவர் சொல்லுவார், நான் நம்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன் போலிருக்கிறது. எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பானையில் கரண்டியை விட்டபடி நின்றேன். கத்த வேண்டும் போல இருந்தது. அவரிடமிருந்து ஒரு உண்மை வந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவர் சாப்பிடாமல் அப்படியே இருந்தார். குழம்பை ஊற்றினேன். "சாப்பிடுங்க" என்றேன். அவர் பிசைய ஆரம்பித்தார். வெளியே மகள் யாரோடோ சண்டை போடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து பார்க்கப் போவதற்குள், அவர் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.